சாம்பிள் மட்டை

அந்தமானிலிருந்து ஒருவர் மெயின்லேண்டுக்குக் கிளம்புகிறார் என்றால், அவர் டிக்கெட் எடுத்த சேதி அவருக்கு முன்னாலேயே தெருவைச் சுற்றி வந்துவிடும். அப்புறம் ஆள் மாற்றி ஆள் கதவைத் தட்டுவார்கள். ஒருத்திக்கு மிக்ஸி ஜாருக்கு மூடி வேண்டும். ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி ஃப்ரேம். இன்னொருத்திக்கு மெயின்லேண்டில்தான் கிடைக்கும் என்று அவளே முடிவு கட்டி வைத்திருக்கும் ஒரு நிறத்தில் ஜாக்கெட் துணி. திரும்பி வருகிற அன்று எல்லாருக்கும் பொதுவாக மல்லிகைப்பூ. ஆன்லைனில் தேடினால் பாதிப் பொருள் இந்தப் பின்கோடுக்கு வராது என்கிறான். மீதிப் பொருள் கப்பலேறி வந்து சேர்வதற்குள் அதன் மேலிருந்த ஆசையே போய்விடுகிறது. ஆகவே போகிறவர்கள் தலையில்தான் எல்லாம் விடியும். அவர்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். ஆனால் யாருமே வந்து ஒன்றும் கேட்காமல் விட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி.

விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் இருந்த வைஜெயந்தி இந்த விஷயத்தில் ராணி. அவள் கணவர் ஜம்புலிங்கம் அங்கேயே ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். இருவரும் விருதுநகர்ப் பக்கம். மகன் கௌதமுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அவனைப் பார்க்கிற சாக்கில் வருஷத்துக்கு ஒருமுறை போய் வருவாள். ஊரார் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கேட்டதை மட்டும் வாங்கி வந்தாலாவது பரவாயில்லை, கேட்காததையும் வாங்கி வந்து, "இது ஒனக்குத்தான்டி, பேசாம வச்சுக்க" என்று கையில் திணிப்பாள்.

அப்படித்தான் ஒரு தடவை இரண்டு பிக்கிள்பால் மட்டைகள் வந்தன. கௌதம் தன் ஆபீஸில் ஆடுகிறானாம். ஒரே பெட்டியில் இரண்டு நீல மட்டை, ஓட்டை ஓட்டையாக இரண்டு பந்து. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று விற்கிற மர மட்டை. ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் இருந்த சுகுணாவின் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

சுகுணா கல்வித் துறை அலுவலகத்தில் கிளார்க். கணவன் தேவேந்திரனுக்குக் கப்பலில் வேலை, மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். அவள் பிறந்தது கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அவள் அப்பா ஐயாவு இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கப்பலேறி வந்தவர். கொடுத்ததை வாங்கிக்கொள், வாயைத் திறந்து கேட்காதே என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பாடத்தைச் சுகுணா கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டாள். பந்தியில் சாம்பார் வேண்டுமா என்றால்கூட 'இருக்கட்டுங்க' என்பாள். தொண்டையில் சோறு அடைக்கிற மாதிரி இருந்தாலும் தண்ணீர் கேட்கமாட்டாள்.

"எனக்கெதுக்குக்கா இதெல்லாம்?" என்று அந்த மட்டையைப் பார்த்தும் அதே ராகம்தான் பாடினாள்.

"ஆமா, ஒனக்கு எதுதான் எதுக்கு? எந்திரிச்சு வாடி" என்றாள் வைஜெயந்தி.

டெய்ரி ஃபார்மில் ஒரு பொதுக் கூடம் உண்டு. பாட்மிண்டன் கோடுகளுக்கு மேல் டேப் ஒட்டி, வலையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டி, மாலையில் சிலர் ஆட ஆரம்பித்திருந்தார்கள். ஸ்ரீதர் என்கிற வங்கிக்காரர்தான் அதற்குத் தலைவர். தெலுங்குக்காரர், தமிழை ஹிந்தியில் முக்கி எடுத்துப் பேசுவார், அக்கா என்பதற்குத் தீதி என்பார். வலையை ஒட்டி இரு பக்கமும் ஒரு பட்டை இடம் இருக்கிறது, அதற்குக் கிச்சன் என்று பெயர், பந்து தரையில் படுமுன் அதற்குள் நின்று அடிக்கக் கூடாது என்று அவர் விளக்கியபோது வைஜெயந்தி சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பிப் பார்த்தது.

"உள்ள போகக் கூடாதுன்னு சொல்ற கிச்சனை இப்பத்தான் பாக்குறேன். இந்த வெளையாட்டு எனக்குப் பிடிச்சுப் போச்சு."

இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். வைஜெயந்தி ஆடுவதைவிட அதிகம் பேசுவாள். சுகுணா பேசவே மாட்டாள், ஆனால் எந்தப் பந்தையும் விடமாட்டாள். கேட்காத வாய்க்கு ஓடுகிற கால் அமைந்திருந்தது. அலுவலகத்தில் குனிந்த தலை நிமிராதவள் அந்தக் கூடத்தில் மட்டும் "என்னோடதுக்கா, விடுங்க!" என்று கத்துவாள். தன் குரல் அவ்வளவு பெரியது என்பதே அவளுக்கு அங்கேதான் தெரிந்தது.

நாளாக நாளாகச் சுகுணாவின் மணிக்கட்டில் வலி ஆரம்பித்தது. மட்டை கனம். உப்புக்காற்றில் விளிம்பு ரப்பர் வேறு பசை விட்டுத் தொங்கியது. ஒருநாள் ஸ்ரீதர் தன் மட்டையை நீட்டினார். "தீதி, இதுல ஒரு கேம் ஆடிப் பாருங்க. கார்பன்." வாங்கி ஆடினாள். தூக்கிய கைக்கு எடையே தெரியவில்லை. வலையைத் தாண்டி மெதுவாகப் போட நினைத்த பந்து நினைத்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை வைஜெயந்தி பார்த்துவிட்டாள்.

"பாத்தீங்களா? உங்க பேட்ல டச் வராது. சீக்னே கே லியே டீக் ஹே, கத்துக்கற வரைக்கும் ஓகே. நீங்க அதைத் தாண்டியாச்சு. மாத்திடுங்க" என்றார் ஸ்ரீதர்.

"இல்லங்க, இதுவே போதும்" என்று மட்டையைத் திருப்பிக் கொடுத்தாள் சுகுணா.

வீட்டுக்கு நடந்து வரும்போது வைஜெயந்தி பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, கை வலிக்குதுன்னு ராத்திரி தைலம் தேய்க்கிறவ நீதான? ஆசையா இருக்குன்னு சொன்னா நாக்கு வெந்துருமா?"

"அக்கா, ரெண்டும் ஒரே பெட்டியில வந்தது. நான் மட்டும் மாத்தினா நல்லாவா இருக்கும்?"

"அச்சா! அப்ப ரெண்டு பேரும் மாத்துவோம். அடுத்த தடவ மெயின்லேண்ட் போறப்ப வாங்கிட்டு வரேன். ஆனா ஒண்ணு, நீ வாயத் தொறந்து கேக்கணும். கேட்டாத்தான் வாங்குவேன்."

சுகுணா சிரித்து மழுப்பிவிட்டாள். மாற்றலாமா வேண்டாமா என்பது அப்போது அவ்வளவு சின்ன விஷயம்.

மழைக்காலம் தொடங்கும்போது வைஜெயந்திக்கு வயிற்றில் வலி வந்தது. வாயு என்றார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ரெஃபர் செய்துவிட்டார்கள். தீவில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இங்கே பார்க்க முடியாது, சென்னைக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் எழுதிவிட்டார் என்றால், கேட்கிறவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். புற்றுநோய் என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சுகுணா பத்துபஸ்திக்குப் போனாள். மேசை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, கையைப் பிடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. நாலு புடவை, ஆஸ்பத்திரி ஃபைல், அவ்வளவுதான். வைஜெயந்தி மெலிந்திருந்தாள்; ஆனால் வாய் மெலியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் கேட்டாள். "ஒனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"

இந்த நிலையில் இவளிடம் போய் என்ன கேட்பது? "எனக்கு ஒண்ணும் வேண்டாங்கக்கா. நீங்க நல்லபடியா வந்து சேந்தாப் போதும்."

வைஜெயந்தி பெட்டியைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து எல்லாரும் இதத்தான் சொல்லிட்டுப் போறாக" என்றாள். "மண்டல் வீட்டம்மா, போன வருசம் மிக்ஸி மூடிக்கு என்னைய எட்டுக் கடை ஏறி எறங்க வச்சவ, இன்னைக்கு வந்து 'குச் நஹி சாஹியே தீதி'ன்னு கண்ணத் தொடைக்கிறா. ஒருத்தி, ஒரே ஒருத்தி, குக்கருக்கு கேஸ்கட் வேணும்னுகூடச் சொல்லல. அப்ப நான் வரமாட்டேன்னு எல்லாரும் முடிவு கட்டியாச்சு, இல்ல?"

"ஐயோ அக்கா, அப்படி இல்ல…"

"திரும்பி வரவகிட்டத்தானடி சாமான் சொல்லி விடுவாக." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சரி, நீ போ. பஸ் போயிரும்."

பஸ்ஸில் உட்கார்ந்து சுகுணா அழுதாள். பக்கத்தில் இருந்த பெண் என்ன தீதி என்று கேட்டாள். சுகுணா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அன்பு என்று நினைத்துத்தான் சொன்னாள். நெஞ்சில் கத்தியைக் கொண்டுபோய்ச் சொருகிவிட்டு அதற்குப் பொட்டும் வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று இப்போது புரிந்தது.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாற்றத்தான் வேண்டுமா? வேண்டும். ஆசையாக இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் போய்க் கேள், அவ்வளவுதானே என்று மனசு சொன்னது. ஆனால் உயிருக்குப் போராடப் போகிறவளிடம் விளையாட்டுச் சாமான் கேட்பவளை உலகம் என்ன சொல்லும்? அப்பா இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

விடிந்ததும் அவள் ஆட்டோ பிடித்துப் பத்துபஸ்தியில் போய் இறங்கினாள். விமான நிலையம் கூப்பிடு தூரம். ஜம்புலிங்கம் பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டிருந்தார். வைஜெயந்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். சுகுணா நேராக அவள் முன்னால் போய் நின்று, விளிம்பு தொங்குகிற மட்டையை நீட்டினாள்.

"அக்கா, இது எனக்குச் சரிவரல. எனக்கு வேற மட்டை வேணும். நீங்கதான் வாங்கிட்டு வரணும்."

ஜம்புலிங்கம் இவளுக்கு என்ன பைத்தியமா என்பது போலப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போனார். வைஜெயந்தி தலையைத் தூக்கினாள்.

"என்ன மட்டை?" அதட்டலாகத்தான் கேட்டாள்.

"மரம் வேண்டாம், கார்பன். கைப்பிடி ஒல்லியா இருக்கணும். தூக்கினா எடை தெரியக் கூடாது."

"கலரு?"

"எந்தக் கலரா இருந்தாலும்…" என்று ஆரம்பித்த சுகுணா சுதாரித்துக்கொண்டாள். "செவப்பு. செவப்புதான் வேணும். கெடைக்கலன்னா தேடிப் பாத்து வாங்கிட்டு வாங்க."

"அடியே, கேக்க ஆரம்பிச்சதும் மகாராணி ஆயிட்டியே!" வைஜெயந்தியின் முகம் பழைய முகமாகிவிட்டது. குரலில் உயிர் வந்துவிட்டது. ஆட்டோவோடு வந்த கணவர் பக்கம் திரும்பினாள். "இந்தாங்க, கதவுக்குப் பின்னாடி என் மட்டை தொங்குது, எடுத்துப் பெட்டியில வைங்க." அவர் உள்ளே போனதும் சுகுணாவிடம் சொன்னாள், "ஒன்னுது நீ ஆட இருக்கட்டும். கையில சாம்பிள் இல்லாமப் போனா கடைக்காரன் ஏச்சுப்புடுவான். இதவிட எது தேவலைன்னு வச்சுப் பாத்துத்தான் வாங்கணும்."

ஜம்புலிங்கம் மட்டையை எடுத்து வந்து பெட்டியில் வைத்தார். ஆட்டோவில் ஏறுமுன் வைஜெயந்தி கைப்பையைத் துழாவி இரண்டு பந்தையும் எடுத்துச் சுகுணாவிடம் கொடுத்தாள்.

"இது ஒங்கிட்ட இருக்கட்டும். வந்து வாங்கிக்கிறேன்."

சென்னையிலிருந்து போன் வரும். கீமோ பற்றி ஒரு வார்த்தை, வாந்தி பற்றி ஒரு வார்த்தை, மீதியெல்லாம் மட்டைதான். பக்கத்துக் கட்டில்காரியின் மகன் ஒரு கடை சொல்லியிருக்கிறானாம். செவப்பில் இரண்டு தினுசு இருக்கிறதாம். "இந்த ஊசி முடியட்டும், நானே போய்ப் பாத்துருவேன்." சுகுணாவும் விடாமல் நச்சரிப்பாள். "என்னக்கா இன்னும் வாங்கலையா? எனக்குக் கை வலி தாங்கல. எப்ப வருவீங்க?" உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத் துடிக்கிற நாக்கைக் கடித்துக்கொண்டு கடன்காரி மாதிரி கேட்பாள். போனை வைத்ததும் அடுப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுவாள். வாழ்க்கையில் முதல்முதலாக ஒருவரிடம் ஒன்றைக் கேட்கிறாள், அதற்கு இவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லி வைக்கவில்லை.

கூடத்துக்கு மட்டும் போவதை நிறுத்தவில்லை. வைஜெயந்தியின் இடத்தில் யார் யாரோ வந்து நின்றார்கள். ஒருநாள் ஸ்ரீதர் சுகுணாவின் மணிக்கட்டில் இருந்த துணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தீதி, என்கிட்ட கார்பன் ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு. சும்மாதான் கிடக்கு. வச்சு ஆடுங்க."

"வேண்டாங்க. எனக்கு மெயின்லேண்ட்லேர்ந்து வருது" என்றாள் சுகுணா.

"யார் கொண்டுவராங்க?"

"எங்க அக்கா."

ஸ்ரீதர் பந்தை எடுத்து சர்வீஸ் போடப் போய்விட்டார்.

போன்கள் குறைந்தன. பிறகு ஜம்புலிங்கம் மட்டும் பேசினார். தூங்குகிறாள், அப்புறம் பேசச் சொல்கிறேன் என்பார். ஒருநாள் மதியம், சுகுணா அலுவலகத்தில் சம்பள பில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பெயர் போனில் வந்தது. எடுக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "போயிட்டாம்மா" என்றார். அங்கேயே எரித்துவிட்டார்கள். தீவுக்குக் கொண்டுவருவதென்றால் ஆயிரம் காகிதம்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஜம்புலிங்கம் வந்திருக்கிறார் என்று தெரிந்து சுகுணா போனாள். வாசலில் அதே பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளே சுவரில் வைஜெயந்தியின் படம், மாலை போட்டு. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள், முதலில் கண் அதில்தான் விழுந்தது. சிரித்துக்கொண்டிருக்கிற படம். எப்போதும் சத்தமாக இருந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"வாம்மா" என்றார் ஜம்புலிங்கம். சவரம் செய்யாத முகம், தொளதொளவென்று சட்டை. அவளை உட்காரச் சொல்லிவிட்டு அறைக்குள் போய் ஒரு பையோடு வந்தார். "ஒன் சாமான்."

சுகுணாவுக்குப் புரியவில்லை.

"கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. சுகுணாவுக்கு மட்டை வாங்கணும், பெட்டியில சாம்பிள் இருக்கு, மறந்துறாதீகன்னு. பேச்சு நிக்கிற அன்னைக்குக்கூட 'சாம்பிள்'னாம்மா. நர்சு பிள்ளை, ரத்த சாம்பிளத்தான் கேக்குறாகன்னு நெனச்சிருச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "காரியம் முடிஞ்ச மறுநாள் கௌதமக்கூடக் கூட்டிட்டுப் போகாம நானே போனேன். கடை கடையா ஏறினேன். எல்லாவனும் வேற வேற எடுத்துப் போடுறான். இந்த மாதிரி இப்ப வரதில்லங்கறான். நான் விடல. கடைசியா ஒரு மூலைக் கடையில, அச்சு அசலா இதே இருந்துச்சு."

பையிலிருந்து இரண்டு மட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று வைஜெயந்தியுடையது, கைப்பிடியில் அவள் சுற்றிய மஞ்சள் துணியோடு. மற்றது புத்தம்புதியது, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது. அதே நீலம். அதே மரம். அதே தடித்த கைப்பிடி. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று விற்கிற அதே மட்டை.

அவர் ஹார்டுவேர் கடைக்காரர். ஆயுசு முழுக்க மனிதர்கள் அவரிடம் தேய்ந்த நட்டையும் உடைந்த குழாயையும் சாம்பிள் என்று கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். சாம்பிள் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: இம்மி பிசகாமல் இதே போல வேண்டும். பெண்டாட்டியின் காரியம் முடிந்த மறுநாள், சாப்பிடாமல் கொள்ளாமல், முன்பின் தெரியாத ஊரில், நல்ல மட்டையாக எடுத்துக் காட்டியவர்களை எல்லாம் தள்ளிவிட்டு, இதைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறார்.

"சரியா இருக்காம்மா?" என்றார்.

சுகுணா மட்டையை எடுத்தாள். கனத்தது. மணிக்கட்டு சுரீர் என்றது. "சரியா இருக்குங்கண்ணே. இதேதான்" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நாற்காலியில் சாய்ந்தார். "நல்லது. அந்த ஒரு பாக்கிதான் இருந்துச்சு, தீந்துச்சு. நாளன்னைக்குக் கெளம்பறேன். கௌதம் கூப்புடுறான். கடைய மச்சினன் மகன் பாத்துக்கறேன்னுட்டான். இங்க எனக்கு என்ன இருக்கு?"

"எப்பண்ணே திரும்பி வருவீங்க?"

"பாப்பம்." அவர் படத்தைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். "வந்து என்ன செய்யப் போறேன்?"

அப்போதுதான் சுகுணா அறைக்குள் கவனித்தாள். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. நாலு சட்டை, ஒரு மருந்துப் பை. மேசையில் ஆப்பிளும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும். இவரிடமும் யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். பாவம், துக்கத்தில் இருக்கிறார் என்று எல்லாரும் நல்ல மனசோடு கையைப் பிடித்துவிட்டுப் போயிருப்பார்கள். மண்டல் வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அவளும் இதோ, சரியா இருக்குங்கண்ணே என்று சொல்லி, மீதியிருந்த ஒரு முடிச்சையும் அவிழ்த்துவிட்டிருக்கிறாள்.

அவள் எழுந்து கதவு வரை போனாள். செருப்பைக் காலில் மாட்டினாள். பிறகு கழற்றிவிட்டு உள்ளே திரும்பி வந்தாள்.

"அண்ணே, பொய் சொல்லிட்டேன். இது இல்லண்ணே. தப்பா வாங்கிட்டீங்க."

ஜம்புலிங்கம் நிமிர்ந்தார். "என்னம்மா சொல்ற? சாம்பிளப் பாத்துத்தான வாங்கினேன்!"

"சாம்பிள் இதே மாதிரி வாங்கறதுக்கு இல்லண்ணே. இதவிட நல்லதா வாங்கறதுக்கு."

"அதெப்படி? சாம்பிள்னா அதே மாதிரின்னுதான அர்த்தம்?" அவர் எழுந்தே விட்டார். முகம் சிவந்தது. "முப்பது வருசமாக் கடை வச்சிருக்கேன், ஒரு ஸ்க்ரூ மாத்திக் குடுத்ததில்ல! ஏங்கிட்ட வந்து தப்புங்கற?" சத்தம் போட்டுவிட்டுச் சட்டென்று நின்றுவிட்டார். "அவ சொன்ன ஒரே ஒரு வேல. அதையும் கோட்ட விட்டுட்டனா?"

உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பெரிய மனிதர் ஒருவர் அப்படிக் குலுங்கி அழுவதைச் சுகுணா பார்த்ததில்லை. ஐயோ, என்ன காரியம் செய்தோம், சும்மா போயிருக்கலாமே என்று அவளுக்குப் பதறியது. பரவாயில்லண்ணே, இருக்கட்டும், இதுவே போதும் என்று பழைய வார்த்தைகள் எல்லாம் வரிசை கட்டி வாயில் வந்து நின்றன. அவள் அவற்றை விழுங்கினாள். அழுகையோடு அழுகையாகச் சொன்னாள்.

"மாத்தி வாங்கிட்டு வாங்கண்ணே. எனக்குக் கை வலிக்குது. நீங்கதான் கொண்டுவந்து தரணும். பார்சல்ல போடக் கூடாது, யாருகிட்டயும் குடுத்தனுப்பக் கூடாது."

விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே இறங்கிப் போனது. ஜம்புலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புதிய மட்டையை எடுத்து உறையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் திரும்பி வந்த சரக்கைப் பார்க்கிற பார்வை.

"சொல்லு" என்றார். "எப்படி இருக்கணும்?"

"மரம் வேண்டாம், கார்பன்."

"மரம் வேண்டாம். கார்பன்."

"கைப்பிடி ஒல்லியா இருக்கணும்."

"ஒல்லியா."

"தூக்கினா எடை தெரியக் கூடாது. அப்புறம், செவப்பு."

"செவப்பு" என்று திரும்பச் சொன்னார். "அவளுக்குத் தெரியுமா இதெல்லாம்?"

"எல்லாம் தெரியும்ணே. கடைகூடப் பாத்து வச்சிருந்தாங்க."

அவர் தலையை ஆட்டினார். புதிய மட்டையைக் கொண்டுபோய்ப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்தார். வைஜெயந்தியின் மட்டையையும் எடுத்தார். மஞ்சள் துணி சுற்றிய கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு அதைச் சுகுணாவிடம் நீட்டினார்.

"இந்தத் தடவ சாம்பிள் வேண்டாம். இது ஒங்கிட்ட இருக்கட்டும். வந்து வாங்கிக்கிறேன்."

சுகுணா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "சரிங்கண்ணே, பத்திரமா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள். அங்கே அந்த நாற்காலி கிடந்தது. மட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைஜெயந்தியும் இந்த வாசலில் 'வந்து வாங்கிக்கிறேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.